எக், எக் ஆன்: ஓர் ஒப்புருச் சொல்லின் வரலாறும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் முட்டையைக் குறிக்கும் பெயர்ச்சொல் ‘எக்’ என்பதாகும். ஒருவனை ஒரு செயலுக்குக் கிளப்பிவிடுதலைக் குறிக்கும் வினை ‘எக் ஆன்’ என்பதாகும். பின்னது வினையும் அதனை அடுத்து நிற்கும் சிறுசொல்லும் சேர்ந்து ஒரு பொருள் தரும் தொடர்வினை வகையைச் சார்ந்தது. முட்டைக்கும் தூண்டுதலுக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா ஆங்கிலம் கற்போர்க்கு இயல்பாக எழும். முட்டையை எறிந்து ஒருவனைச் சினமூட்டும் வழக்கத்திலிருந்து இவ்வினை பிறந்தது என்றும், முட்டையை அடைகாத்துப் பொரிக்கச் செய்வது போல ஒரு செயலைப் பிறப்பித்தலே இதன் பொருள் என்றும் விளக்கம் கூறிவிட இடமுண்டு. சொல்வரலாறு இவ்விளக்கங்களுக்கு இடம் தரவில்லை.

இவ்விரு சொற்களும் பிறப்பால் வேறானவை. ஆங்கிலத்தின் சொந்த வழக்கில் இவற்றுக்கு நேரான சொற்கள் ஒருகாலும் ஒலியால் ஒன்றாகவில்லை. அவை ஒன்றானது பழைய நார்ஸ் மொழியில் ஆகும். அங்கு ஒன்றான பின்னரே இரண்டும் ஆங்கிலத்தினுள் புகுந்தன. இவ்வரலாற்றை நிறுவுவதும், இதனால் மொழிபெயர்ப்பாளர் பெறத்தக்க பயனைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். ‘எக்’ என இங்கு எழுதப்பெறும் சொல்லின் இறுதிக் ககரத்தை ஒலிப்புடைய ஒலியாகக் கொள்ளல் வேண்டும்.

2. முட்டையைக் குறித்த சொல்

முட்டைக்கு உரிய மூலச் செருமானியச் சொல்லை ‘அய்ய’ என்னும் அடியினதாக ஒப்பியல் அறிஞர் மீட்டுருவாக்கியுள்ளனர். இலத்தீனத்தின் ‘ஓவும்’, கிரேக்கத்தின் ‘ஓயோன்’ ஆகியவை இதற்கு இனமானவை. இவ்வடியில் அமைந்த யகர இரட்டிப்பு செருமானியக் கிளைமொழிகளில் வேறுவேறு வழிகளில் மாறிற்று. மேற்குக் கிளையில் அது உயிரோடு இணைந்து மெலிந்தது. இன்றைய செருமன், டச்சு மொழிகளில் முட்டையின் பெயர் ‘ஐ’ அல்லது அதனையொத்த ஒலியாக வழங்குவது இதனாலாகும். வடக்குக் கிளையில் யகர இரட்டிப்பு ஒலிப்புடைய ககர இரட்டிப்பாக வன்மை பெற்று ‘எக்’ என்றாயிற்று. கிழக்குக் கிளையில் அது டகரமாயிற்று. கிரிமியாவில் வழங்கிய கோத்திய மொழியின் சொற்கள் சிலவற்றை 16ஆம் நூற்றாண்டில் பதிவு செய்த புஸ்பெக் என்னும் தூதர், முட்டைக்கு ‘அடா’ என்னும் சொல்லைத் தருகிறார். இம்மாற்றத்தை மொழியியலார் ஹோல்ட்ஸ்மன் விதி என வழங்குவர்.

ஆங்கிலம் மேற்குக் கிளையைச் சார்ந்தது. ஆகவே அதன் சொந்தச் சொல் யகர ஈற்றதாகவே அமைந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அது ‘எய்’ என வழங்கிற்று. அதன் பன்மை ‘எய்ரன்’ என்பதாகும். பழைய பன்மை வடிவில் ஏற்கெனவே ரகரம் இருந்தது. அது பன்மையீறு என்னும் உணர்வு மங்கியபின், னகர ஈறு ஒன்றும் சேர்ந்து இரட்டைப் பன்மை உண்டாயிற்று. குழந்தைகளைக் குறிக்கும் ‘சில்ட்ரன்’ என்னும் சொல்லும் இவ்வாறே இரு பன்மையீறுகளைக் கொண்டது.

3. விளிம்பைக் குறித்த சொல்

இரண்டாவது சொல்லின் மூலச் செருமானிய வடிவம் ‘அக்யோ’ என்பதாகும். கூர்மையைக் குறிக்கும் தொன்மையான இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இது பிறந்தது. கூர்முனையையும் போர் அணியையும் குறிக்கும் இலத்தீனச் சொல்லான ‘அகியேஸ்’, ஊசியைக் குறிக்கும் ‘அகுஸ்’ ஆகியவை இவ்வேரின் கிளைகளாகும். செருமனில் மூலையைக் குறிக்கும் ‘எக்க’ என்னும் சொல்லும் இக்குடும்பத்ததே.

பழைய ஆங்கிலத்தில் ‘அக்யோ’ என்பதன் மெய்யொலி அண்ணவொலியாகத் திரிந்தது. அதுவே இன்றைய ‘எட்ஜ்’ ஆகும். அக்காலத்தில் அச்சொல் வாளின் வாயையும், ஆகுபெயராய் வாளையும் குறித்தது. கி.பி. 839இல் மறைந்த வெசெக்ஸ் அரசன் எக்பெர்ட்டின் பெயரில் உள்ள முன்னொட்டும், பெயோவுல்ஃப் காப்பியத் தலைவனின் தந்தையாகிய எட்ஜ்தேயோவின் பெயரில் உள்ள முன்னொட்டும் வாள்வாயைக் குறிக்கும் இச்சொல்லேயாகும். எழுத்தளவில் நோக்கி இப்பெயர்களில் முட்டையைக் காண்பது பிழையாகும்.

வடக்குக் கிளையில் இவ்வண்ணத்திரிபு நிகழவில்லை. அங்கு ‘அக்யோ’ என்பது ‘எக்’ என்றாயிற்று. இதன் விளைவாக நார்ஸ் மொழியில் முட்டையைக் குறிக்கும் ‘எக்’, விளிம்பைக் குறிக்கும் ‘எக்’ என ஒலியால் ஒத்த இரு சொற்கள் அமைந்தன. முன்னது அஃறிணைப்பாலாகவும் பின்னது பெண்பாலாகவும் இலக்கணத்தில் வேறுபட்டமையால், அம்மொழியினர்க்கு மயக்கம் பெரிதாக நேர்ந்திராது. ஆங்கிலத்திலோ ‘எய்’, ‘எட்ஜ்’ என்னும் சொற்களிடையே மயங்குதற்கு இடமே இல்லை.

4. கூர்மையிலிருந்து தூண்டுதலுக்கு

விளிம்பைக் குறிக்கும் ‘எக்’ என்னும் பெயரடியாகப் பிறந்த நார்ஸ் வினை ‘எக்யா’ என்பதாகும். விளிம்பூட்டுதல், கூராக்குதல் என்னும் கருத்திலிருந்து, ஒருவனது மனத்தைச் செயலுக்குக் கூராக்குதல் என்னும் பொருள் அதற்கு அமைந்தது. இன்றைய ஐஸ்லாந்து மொழியிலும் இவ்வினை தூண்டுதற்பொருளில் வழங்குகிறது.

இப்பொருள் விரிவு தனித்து நிகழ்ந்ததன்று. தீட்டுதலைக் குறிக்கும் ‘ஹ்வெத்யா’ என்னும் மற்றொரு நார்ஸ் வினையும் தூண்டுதலைக் குறித்தது. தன் மகள் ஸ்வான்ஹில்டின் கொலைக்குப் பழிவாங்குமாறு புதல்வரைக் குத்ரூன் கிளப்பிவிடும் எட்டா பாடலின் பெயர் ‘குத்ரூனர்ஹ்வோத்’ என்பது. அப்பெயரின் பிற்பகுதி இவ்வினையிலிருந்து பிறந்தது. நியால் சாகாவில் ஹில்டிகுன் என்பாள், கொலையுண்ட தன் கணவனின் குருதி தோய்ந்த மேலாடையை உறவினனான ஃப்ளோசியின் மீது எறிந்து அவனைப் பழிக்குப் பழி வாங்கத் தூண்டுகிறாள். படை எடுக்காதவர் சொல்லாலும் செயலாலும் படை எடுப்பவரைத் தீட்டுதல் அவ்விலக்கியங்களில் அடிக்கடி வரும் நிகழ்ச்சியாகும். கூராக்குதலும் தூண்டுதலும் ஒரே சொல்லால் குறிக்கப்பெற்றமைக்கு இச்சமூகச் சூழல் வலுவூட்டியிருத்தல் கூடும்.

ஆங்கிலத்துக்கும் இவ்வுருவகம் புதிதன்று. ‘ஹ்வெத்யா’ என்பதற்கு இனமான ‘ஹ்வெத்தன்’ என்னும் பழைய ஆங்கில வினை, பெயோவுல்ஃப் காப்பியத்தில் தலைவனைப் பயணத்துக்கு ஊக்குதல் என்னும் பொருளில் ஆளப்பெற்றுள்ளது. அதன் இன்றைய வடிவமாகிய ‘வெட்’ கத்தியைத் தீட்டுதலையும் பசியைத் தூண்டுதலையும் குறிக்கிறது. ஆகவே நார்ஸ் வினை வந்தபோது அதன் பொருளைப் புரிந்துகொள்ளும் மனப்பாங்கு ஆங்கிலேயரிடம் முன்னரே இருந்தது எனலாம்.

5. இரு மொழிகளின் சந்திப்பு

கி.பி. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தின் மீது நிகழ்ந்த தாக்குதலுடன் வைக்கிங்குகளின் வருகை வரலாற்றில் பெரிதும் பேசப்படுகிறது. எனினும் மொழி வரலாற்றுக்கு இன்றியமையாதது அவர்களது குடியேற்றமேயாகும். 865இல் பெரும்படை ஒன்று கிழக்கு ஆங்கிலியாவில் இறங்கியது. 876இல் ஹாஃப்டன் நார்தம்பிரியாவின் நிலங்களைத் தன் வீரர்க்குப் பங்கிட்டான் என்றும் அவர்கள் உழவு மேற்கொண்டனர் என்றும் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பேடு தெரிவிக்கிறது. 1016 முதல் 1035 வரை டென்மார்க்கைச் சார்ந்த கனூட் இங்கிலாந்தை ஆண்டான்.

இக்குடியேற்றத்தின் பயனாக நார்ஸ் பேசுவோரும் ஆங்கிலம் பேசுவோரும் அண்டை வீட்டாராயினர். அதனால்தான் கொண்ட சொற்கள் வெறும் பண்பாட்டுச் சொற்களாக நில்லாமல், வானம், தோல், கத்தி, சன்னல், எடுத்தல் முதலிய அன்றாடப் பொருள்களையும் செயல்களையும் குறிப்பனவாக உள்ளன. படர்க்கைப் பன்மைப் பெயராகிய ‘தே’ என்பதும் நார்ஸ் கொடையேயாகும். அண்ணவொலியாக மாறிய சொந்தச் சொல்லும் மாறாத நார்ஸ் சொல்லும் பக்கம் பக்கமாக நிலைத்ததும் உண்டு. சட்டையைக் குறிக்கும் ‘ஷர்ட்’ ஆங்கிலத்தின் சொந்த வடிவம். பாவாடையைக் குறிக்கும் ‘ஸ்கர்ட்’ அதன் நார்ஸ் உடன்பிறப்பு. ‘எட்ஜ்’ என்னும் பெயரும் ‘எக்’ என்னும் வினையும் இத்தகைய உடன்பிறப்புகளே ஆகும்.

தூண்டுதற்பொருள் கொண்ட வினை ஏறத்தாழ 1200 முதல் ஆங்கில எழுத்துகளில் காணப்படுகிறது. இடைக்காலத்தில் அது பெரும்பாலும் தீமைக்குத் தூண்டுதலைக் குறித்தது. லாங்லாண்டின் ‘பியர்ஸ் ப்ளவ்மன்’ காப்பியத்தில் ஆதாமையும் ஏவாளையும் தீங்குக்குத் தூண்டியவனைப் பற்றிக் கூறுமிடத்து இவ்வினை வருகிறது. ‘கான்டர்பரி கதைகள்’ நூலில் வழக்குரைஞர் கூறும் கதையில், ஏவாளின் தூண்டுதலைச் சுட்ட சாசர் இவ்வினையடியாகப் பிறந்த ‘எக்மென்ட்’ என்னும் பெயரை ஆள்கிறார். இன்றைய தொடர்வினையில் உள்ள எதிர்மறைச் சாயல் புதிதாகத் தோன்றியதன்று என்பதற்கு இவை சான்றாகும்.

6. காக்ஸ்டன் கூறும் நிகழ்ச்சி

முட்டையைக் குறிக்கும் நார்ஸ் சொல் ஆங்கிலத்தில் எளிதில் வெற்றி பெறவில்லை. ‘எய்’, ‘எக்’ ஆகிய இரண்டும் இடத்துக்கு இடம் வேறுபட்டு நெடுங்காலம் வழங்கின. இதனைக் காட்டும் சான்றாக, 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன் தரும் குறிப்பு புகழ்பெற்றது. பிரெஞ்சிலிருந்து தாம் மொழிபெயர்த்து 1490இல் அச்சிட்ட ‘எனிடாஸ்’ நூலின் முன்னுரையில் அவர் இதனைக் கூறுகிறார்.

தேம்சு ஆற்றிலிருந்து சீலாந்துக்குப் புறப்பட்ட வணிகர் சிலர் காற்றின்மையால் ஃபோர்லாந்து முனையருகே தங்கிக் கரை இறங்கினர். அவர்களுள் ஷெஃபீல்டு என்னும் துணி வணிகர் ஒரு வீட்டில் உணவு கேட்டார். சிறப்பாக முட்டை வேண்டும் என்றார். அவர் கூறிய சொல் ‘எக்கிஸ்’. அவ்வீட்டுப் பெண் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். தமக்கும் பிரெஞ்சு தெரியாது என வணிகர் சினந்தார். பின்னர் மற்றொருவர் ‘எய்ரன்’ வேண்டும் என்று கூறவே, அவள் விளங்கிக்கொண்டாள். இந்நாளில் ஒருவன் எதனை எழுதுவது, எக்கிஸ் என்பதையா எய்ரன் என்பதையா எனக் காக்ஸ்டன் வினவுகிறார்.

இந்நிகழ்ச்சி நகைச்சுவைக்காகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயினும் இது ஒரு மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாட்டைக் கூறும் குறிப்பு என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஒரே மொழியினுள் ஒருவருக்குச் சொந்தமான சொல் மற்றொருவருக்கு அயல்மொழியாகத் தோன்றும் நிலையில், அச்சிட்டுப் பலருக்கும் அனுப்பும் நூலில் எவ்வழக்கைக் கொள்வது என்பதே அவரது கவலை. தென்கிழக்குக் கரையில் வாழ்ந்த அப்பெண் பேசியதே ஆங்கிலத்தின் சொந்தச் சொல். வணிகர் பேசியது வந்த சொல். எனினும் பின்னாளில் நிலைத்தது வணிகரின் சொல்லேயாகும்.

‘எய்’ மறைந்தமைக்கு ஒரே காரணத்தைக் கூறுவது அரிது. அதன் ஒலியுடல் மெலிந்தது. கண்ணைக் குறிக்கும் ‘ஐ’ என்பதன் பழைய வடிவங்களும் அதற்கு மிக அண்மையில் இருந்தன. நடுநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தோரின் பேச்சு, உருவாகிவந்த பொதுமொழியில் செல்வாக்குப் பெற்றது. இவை ஒருங்கே துணைநின்றன எனக் கருதலாம்.

மறைந்த சொல் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. கிழக்கு இலண்டன் மக்களையும் அவர்தம் பேச்சையும் குறிக்கும் ‘காக்னி’ என்னும் பெயர், சேவல்களின் முட்டை எனப் பொருள்படும் ‘கோகன் எய்’ என்னும் தொடரிலிருந்து பிறந்தது. சிறுத்தும் உருக்குலைந்தும் உள்ள முட்டையைக் குறித்த அது, பின்னர்ச் செல்லமாக வளர்ந்த பிள்ளையையும், அதன்பின் மென்மையான நகரத்தானையும் குறித்து, இறுதியில் இலண்டன்வாசியின் பெயராயிற்று. ‘எக்’ என்னும் வந்த சொல்லை ஏற்ற நகரத்தாரின் பெயரிலேயே பழைய ‘எய்’ ஒடுங்கிக் கிடக்கிறது.

7. சிறுசொல்லின் பணி

இருவகை ‘எக்’ என்பவையும் ஆங்கிலத்தில் நிலைத்தபின், நார்ஸ் மொழியில் இருந்த ஒப்புரு ஆங்கிலத்துக்கும் வந்துசேர்ந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் தூண்டுதல் வினை தனித்தும் நின்றது. எதற்குத் தூண்டினான் என்பதை வேறொரு தொடர் காட்டிற்று. 16ஆம் நூற்றாண்டில் ‘ஆன்’ என்னும் சிறுசொல்லுடன் அது வழங்கக் காண்கிறோம். முன்னோக்கிச் செல்லுதலைக் காட்டும் இச்சிறுசொல் குதிரையை முள்ளால் குத்தி விரட்டுதல், ஆரவாரித்து ஊக்குதல் முதலியவற்றைக் குறிக்கும் வேறு வினைகளோடும் சேர்வதாகும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ‘எட்ஜ் ஆன்’ என்னும் வடிவமும் இதே பொருளில் வழங்கியதுண்டு. உடன்பிறப்புச் சொற்கள் இரண்டும் ஒரே பொருளில் சிலகாலம் போட்டியிட்டன எனலாம்.

இன்று ‘எக்’ என்னும் வினை தனித்து நிற்குமாயின் முட்டை எறிதலையோ உணவின்மீது முட்டை பூசுதலையோ குறிக்கும். இவ்வினை முட்டை என்னும் பெயரடியாகப் பிற்காலத்தில் பிறந்தது. தூண்டுதற்பொருள் ‘ஆன்’ உடன் வரும்போது மட்டும் எஞ்சியுள்ளது. ஆகவே பழைய வினையைக் காத்தது சிறுசொல்லேயாகும். பழைய வினைகள் வேறு சிலவும் இவ்வாறு சிறுசொல்லைச் சார்ந்தே இன்று உயிர் வாழ்கின்றன. மிகுத்தலைக் குறித்த ‘ஈக்’ என்னும் பழைய வினை ‘ஈக் அவுட்’ என்னும் தொடரிலன்றி இன்று பெரிதும் வழங்குவதில்லை.

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை வினைவேறுபடுவது, வினைவேறுபடாதது என இருவகையாக்கி, முன்னதன் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியப்பெறும் என்கிறது. மா பூத்தது என்றவழி மரமும், மா ஓடிற்று என்றவழி விலங்கும் பெறப்படும். ‘எக்’ என்னும் வினையைப் பொருள் தெளிவிப்பது அதன் சார்பாகிய சிறுசொல்லாகும். சார்பை நீக்கிச் சொல்லை மட்டும் நோக்குவோர்க்கு முட்டையன்றி வேறொன்றும் புலப்படாது.

8. தமிழாக்கத்தில் எழும் வினாக்கள்

‘எக் ஆன்’ என்பதன் பொருட்கூறுகள் நான்கு. தூண்டுபவர் செயலைத் தாம் செய்யாது அருகில் நிற்பவர். தூண்டப்படுபவனிடம் அச்செயலுக்கான நாட்டம் ஓரளவு முன்னரே உண்டு. செயல் மடமையோ இடரோ தவறோ உடையது. தூண்டுதல் பெரும்பாலும் சொல்லால் நிகழ்வது.

தமிழில் இதற்கு அண்மையான சொற்கள் பல உள்ளன. ‘ஊக்குவித்தல்’ நற்செயலுக்குரியது, அதனை இங்கு ஆண்டால் பழி நீங்கிவிடும். ‘ஏவிவிடுதல்’ ஏவுவோனின் மேலாண்மையையும் அவனுக்கு உண்டாகும் பயனையும் உணர்த்தும். தோழர்களின் ஆரவாரத்துக்கு அது பொருந்தாது. ‘தூபம் போடுதல்’ மறைவாகப் பகையை வளர்த்தலைக் குறிக்கும். ‘உசுப்பிவிடுதல்’ நான்கு கூறுகளையும் ஏறத்தாழத் தழுவுகிறது. ஆனால் பேச்சுவழக்கின் சாயல் உடையது. கதையிலும் நாடகத்திலும் அது தடையாகாது.

‘தூண்டுதல்’ பொதுநிலையானது. எனினும் தற்கொலைக்குத் தூண்டுதல் முதலிய வழக்குகளால் அதற்குச் சட்டச் சாயல் மிகுந்துள்ளது. ஒரு சாட்சி, மற்றவர்கள் ஆரவாரித்ததால் ஓர் இளைஞன் சுவரிலிருந்து குதித்தான் எனக் கூற ‘எக் ஆன்’ என்னும் தொடரை ஆள்வதாகக் கொள்வோம். அதனைத் ‘தூண்டினர்’ எனப் பெயர்த்தால், நின்று வேடிக்கை பார்த்தோர் குற்றம் சாட்டப்பெற்றோர் போல் ஆவர். ‘உற்சாகப்படுத்தினர்’ எனப் பெயர்த்தால் அவர்தம் பொறுப்பு மறைந்துவிடும். ‘குதி, குதி என்று கிளப்பிவிட்டனர்’ என்னும் பெயர்ப்பு மூலம் கூறியதினும் மிகாமலும் குறையாமலும் நிற்கும். இத்தகைய இடங்களில் ஒரு சொல்லின் தேர்வு ஒருவரது பொறுப்பின் அளவையே மாற்றிவிடக் கூடும்.

‘கொம்பு சீவிவிடுதல்’ என்னும் தமிழ் மரபுத்தொடர் இங்குத் தனியே கருதத்தக்கது. காளையின் கொம்பைக் கூராக்கிப் போருக்கு விடுதலிலிருந்து, ஒருவனைச் சண்டைக்குக் கிளப்பிவிடுதல் என்னும் பொருள் இதற்கு அமைந்தது. கூராக்குதல் தூண்டுதலாகும் இப்பொருள் விரிவு, நார்ஸ் வினையின் வரலாற்றை அப்படியே ஒத்துள்ளது. இருமொழிகளுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இன்றியே இவ்வொப்புமை தோன்றியது. எனினும் வேர்ப்பொருள் ஒத்தமையால் மட்டும் இதனை எங்கும் ஆளலாகாது. கொம்பு சீவிவிடுவதற்கு எதிரில் ஒரு பகைவன் வேண்டும். சுவரிலிருந்து குதிப்பவனுக்குப் பகைவன் இல்லை. சண்டை பற்றிய இடத்தில் மிகச் சிறந்ததாகும் இத்தொடர், பிற இடங்களில் பொருந்தாது போகும்.

தமிழில் இவ்வினைகள் பெரும்பாலும் ‘விடு’ என்னும் துணைவினை பெற்று வருதலும் நோக்கத்தக்கது. உசுப்பிவிடு, ஏவிவிடு, கிளப்பிவிடு, சீவிவிடு என்பவற்றில் ‘விடு’, செயலைத் தொடக்கிவைத்துத் தூண்டுபவர் விலகி நிற்பதைக் காட்டுகிறது. ஆங்கிலச் சிறுசொல் முன்செல்லுதலைக் காட்டுகிறது. இலக்கண வகையால் வேறாயினும், முதல்வினையின் பொருளை வரையறுக்கும் பணியை இரண்டும் செய்கின்றன. ஆகவே தொடர்வினையைப் பிரித்துப் பகுதிதோறும் பெயர்க்காமல், முழுத்தொடருக்கு முழுத்தொடரையே நேராகக் கொள்ளல் வேண்டும்.

9. முடிவுரை

‘அய்ய’, ‘அக்யோ’ என்னும் வேறுபட்ட இரு சொற்கள் நார்ஸ் மொழியின் ஒலிமாற்றங்களால் ‘எக்’ என ஒன்றாயின. குடியேற்றத்தால் இரண்டும் ஆங்கிலத்துக்கு வந்தன. ஒன்று ‘எய்’ என்னும் சொந்தச் சொல்லை அகற்றி அதன் இடத்தைக் கொண்டது. மற்றொன்று ‘எட்ஜ்’ என்னும் சொந்தச் சொல்லை அகற்றாமல், தூண்டுதல் என்னும் தனிப்பொருளில் அதன் அருகில் நிலைத்தது. இன்று ‘ஆன்’ என்னும் சிறுசொல்லின் துணையால் வாழ்கிறது.

ஆங்கில-தமிழ் அகராதிகள் இவ்விரண்டையும் தனித்தனித் தலைச்சொற்களாகத் தந்து, தொடர்வினையைத் தூண்டுதற்பொருள் கொண்ட தலைச்சொல்லின்கீழ் வைத்தல் பயன் தரும். முட்டையின்கீழ் வைத்தால் பொய்யான தொடர்பு ஒன்று கற்போர் மனத்தில் பதியும். வேரறிதல் அப்பிழையைத் தடுக்கும். ஆயினும் எவ்விடத்தில் எத்தமிழ்ச்சொல் பொருந்தும் என்பதை வேர் கூறாது. யார் தூண்டினார், எதற்குத் தூண்டினார், விளைவுக்கு அவர் எவ்வளவு பொறுப்புடையவர் என்பவற்றை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்தும் நோக்கியே துணிதல் வேண்டும்.